மொட்டைமாடி விவசாயியின் உப்பிய பாட்டில்

நகரத்து ஜீவராசிகளில் மொட்டைமாடி விவசாயி என்றோர் இனம் உண்டு. அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவரே உங்களைத் தேடி வருவார். லிஃப்டுக்குள் காய்கறிப் பையோடு அகப்பட்டுக்கொண்டீர்களா, தொலைந்தீர்கள். பைக்குள் எட்டிப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். "இதைக் காசு குடுத்தா வாங்கினீங்க?" என்பார், திருடிக்கொண்டு வந்திருந்தால்கூடத் தேவலை என்பதுபோல. "அத்தனையும் விஷம் சார்!"

நாம் பார்க்கப்போகும் விவசாயி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். பகலெல்லாம் பிறர் விண்ணப்பங்களில் குற்றம் கண்டுபிடிப்பார். மீதி நேரமெல்லாம் விவசாயம். பழைய வாளி, ஓட்டை டிரம், பெயின்ட் டப்பா என்று நாற்பது தொட்டி. மழை தூறினால் ஜன்னலைப் பார்த்து, "நமக்கு நல்லதுதான்" என்பார், நாற்பது ஏக்கர் வைத்திருப்பவர்போல. அறுவடை ஏழு தக்காளி. அந்த ஏழையும் தட்டில் அடுக்கி, குடும்பப் படம்போல எடுத்து, இருநூறு பேருக்கு அனுப்புவார். பாராட்டாதவர்கள் யார் யார் என்பது அவருக்கு மனப்பாடம்.

செடிகளோடு பேசவும் செய்வார். பேசினால் அதிகம் காய்க்குமாம். பேசாத செடி ஒன்றைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தாரா? அதெல்லாம் கேட்கக் கூடாது. "என்னங்க, இன்னிக்கு வாட்டமா இருக்கீங்க?" என்று கத்திரிச் செடியை நலம் விசாரிப்பவர், படி பெருக்கிக் குப்பை எடுக்க வரும் அம்மாளை, தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை, "ஏய், இங்க வா" என்பார். இருந்த மரியாதையெல்லாம் கத்திரிக்காய்க்கே செலவாகிவிட்டது.

இந்த முறை பீன்ஸ் கொடி கொஞ்சம் மனம் வைத்துக் காய்த்துவிட்டது. சமைத்துத் தின்றிருக்கலாம். ஆனால் பாட்டிலில் பதப்படுத்துவதுதான் இந்த இனத்தின் உச்சநிலை. "ஊரே முடங்கிப்போனாலும் நம்ம வீட்ல சாப்பாடு இருக்கும்" என்று அறிவித்துவிட்டு, கையில் கரண்டி எடுத்தார். வினிகர் ஊற்றலாமா? கூடாது, அது கடைச் சரக்கு. நன்றாகக் கொதிக்க வைக்கலாமா? சத்து போய்விடும். ஆகவே பீன்ஸ், தண்ணீர், தன்னம்பிக்கை மூன்றையும் போட்டு இறுக மூடி, தேதி ஒட்டி, வரவேற்பறை அலமாரியில் வைத்தார்.

ஐந்தாவது வாரம் ஒரு மூடி உப்பியது.

அவர் மனைவி மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். பார்த்ததும் பதறினார்.

"ஏங்க, இதை முதல்ல தூக்கிப் போடுங்க. உள்ள கிருமி வளர்ந்து காத்து கட்டியிருக்கு. இந்த விஷம் நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உடம்புக்குள்ள போனா மூச்சே விட முடியாம போயிடும்."

"நம்ம வீட்ல விளைஞ்சது நம்மள என்ன பண்ணும்?"

"யார் வீட்டு பீன்ஸ்னு கிருமிக்குத் தெரியாதுங்க. சந்தேகமா இருந்தா ஒரு கரண்டி சாப்பிடுங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு உக்கார்றேன்."

சாப்பிடத் துணிச்சல் இல்லை. எறிய மனசு இல்லை. இப்படி இரண்டும் கெட்டான் நிலையில் மாட்டிக்கொள்ளும்போதுதான் நம்மவர்களுக்கு ஏழைகளின் ஞாபகம் வருகிறது. அதற்குத் தானம் என்று பெயர்.

மறுநாள் காலை, மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து, குப்பை எடுக்க வந்த அம்மாளின் கையில் பாட்டிலைத் திணித்தார்.

"பிடி. மருந்து அடிக்காதது. கடையில கிடைக்காது."

"வேணாம் சார். வீட்ல மக மாசமா இருக்கா, கண்டதையும் குடுக்கறதில்ல."

"கண்டதா? மாசமா இருக்கிறவளுக்குத்தான் இது ரொம்ப நல்லது!"

பெருமை பேசிப் பழகிய வாய், முந்திக்கொண்டது. அந்த அம்மாள் பாட்டிலோடு இறங்கிப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் நம் விவசாயிக்குக் காதில் விழுந்தது, தான் சொன்னது. மாசமாக இருக்கும் பெண். மூச்சு விட முடியாமல். ஒரு கால் செருப்போடு மூன்று மாடியும் இறங்கி ஓடினார்.

"அந்த பாட்டிலை இப்படிக் குடு! அது... வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சது!"

கெட்டுப்போனது என்று சொல்ல அப்போதும் நா எழவில்லை. கஞ்சன் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டில் போடத் தெரியாதவன் என்றால்?

"அது குப்பை வண்டியில போயிடுச்சு சார். மூடிதான் உப்பியிருந்துச்சே."

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணு இருக்கே சார்."

"அப்ப போன மாசம் குடுத்த வெள்ளரிக்கா?"

"அதுவும் வண்டியிலதான்."

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே!"

"நாலு தடவை கேட்டீங்க. ஒரு தடவை சொன்னேன்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த அம்மாள் அவரை நேராகப் பார்த்தார். "குப்பை எடுக்கத்தான் சார் வர்றேன். கூடையில போட்டாலும் எடுப்பேன், கையில குடுத்தாலும் எடுப்பேன். ஆனா கையில குடுத்துட்டு, எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க."

இரண்டு உயிர் தப்பியது என்று நிம்மதியாகப் படியேற வேண்டிய மனிதர், முதல் மாடியிலேயே நின்றுவிட்டார். "அந்த வெள்ளரிக்கா நல்லாதான் இருந்துச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் தொட்டியும் இல்லை, பீன்ஸும் இல்லை, உங்களுக்கென்ன? இருந்தாலும், உங்கள் ஃப்ரிட்ஜில் பின்வரிசையில் நான்கு நாளாக ஒரு கிண்ணம் இருக்கிறதே, "நாம சாப்பிட வேணாம், யாருக்காவது குடுத்துடலாம்" என்று நீங்கள் எடுத்து வைத்தது. அந்த யாரோ ஒருவர் வந்து மணி அடிப்பதற்குள், அதைத் திறந்து நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன்.