உங்கள் கார் கைமாறிய விபரம்

றக்வான,
மார்கழி 1980.

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணாவுக்கு, தங்கை மகாதேவி எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீங்களும் அண்ணியும் கொக்குவிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் மூன்று பக்கமும் கார், அடுத்த அரைப் பக்கம் உங்கள் முழங்கால், கடைசி இரண்டு வரியில் நான். இதில் எனக்கு மனக்குறை இல்லை. இரத்தினபுரிக் கச்சேரியில் பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது அந்தக் காரைத் தடவிவிட்டு, "கவனமாய் இரு" என்று நீங்கள் சொன்னது என்னிடமா அதனிடமா என்று எனக்கு அன்றே சந்தேகம். இப்போது, "என் காரை யாரோ மாணிக்கக்கல் முதலாளிக்குக் கொடுத்துவிட்டுப் பிக்கப்பில் திரிகிறாயாம், ஒரு பாடசாலை அதிபருக்கு இது அழகா, தருமலிங்கத்தின் மகனை அனுப்பிக் காரை மீட்கப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நடந்ததை நானே எழுதுகிறேன். வாசித்துவிட்டு அண்ணியிடமும் கொடுங்கள். அவ சிரிப்பா.

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருந்து முதன்முதலாக நாலு பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள், நாலும் பெண்பிள்ளைகள், பரீட்சை நிலையம் பெல்மதுளையில், காலை பஸ் வந்தால் வரும், வராவிட்டால் ஏன் என்று கேட்பதற்கு ஆளில்லை, ஆகவே நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். மற்றப் பாடங்களுக்கெல்லாம் ஓடிய கார், கணிதப் பாடத்தன்று பெல்மதுளைக்குச் சற்று இப்பால், வயலோரம் ஒரு மாணிக்கக் குழிக்கு நேரே நின்றது. அது நிற்கும் விதம் உங்களுக்குத் தெரியும். இருமாது, புகைக்காது. நேரம் ஆனதும் பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போகும் கச்சேரி உத்தியோகத்தரைப் போல, அதன் அளவில் அன்றைய அலுவல் முடிந்துவிட்டது. நான் இறங்கி, தள்ளுவதற்கு ஆள் கேட்கக் குழிப் பக்கம் போனேன். பெண்கள் குழிக்குக் கிட்டப் போகக்கூடாது, போனால் கல் ஓடி ஒளித்துவிடும் என்பது இந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். "எப்பா நோனா, எப்பா!" என்று குழிக்காரர் எல்லாரும் வராதே என்று கையைக் காட்டிக் கத்தினார்கள். நாலு பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நான் சிங்களத்தில் சொன்னேன். கூடையில் கல்மண் அரித்துக்கொண்டிருக்கிறோம், முடியுமட்டும் ஒருவரும் வர ஏலாது என்றார்கள். அதன் பிறகு நான் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் வாய்பாடு தெரியாமல் நிற்கும் பிள்ளைக்குச் சொல்வதுதான், கொஞ்சம் உரத்த குரலில் சொல்லியிருப்பேன். வந்து தள்ளினார்கள். கார் அசைந்தது, ஓடவில்லை. நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது வாசலைப் பூட்டிவிட்டார்கள். நாலு பிள்ளைகளும் கணிதம் எழுதவில்லை. மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் சித்தி பெற்றுத் தேறினார்கள், கணிதம் இல்லாமல் அந்தச் சித்தியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அன்று மத்தியானம் அதே குழியில், அதே கூடையில், புளியங்கொட்டை அளவில் ஒரு நீலக்கல் வந்தது.

இனித்தான் விசேஷம். கேளுங்கோ. பெண் ஒருத்தி குழிக்கு வந்தாள், வழக்கப்படி கல் ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை, வந்தது. ஆகவே யாரோ ராசி கொண்டுவந்திருக்கிறார்கள். அது வந்த பெண்தான் என்று சொன்னால் வழக்கம் பொய்த்துப் போகும். குழிக்காரர் கூடி யோசித்து, ராசியைக் காருக்குக் கொடுத்துவிட்டார்கள். பேராதனையில் தர்க்கம் படித்த காலத்தில் கூட ஒரு முடிவைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டவர்களை நான் கண்டதில்லை.

குழியின் சொந்தக்காரர் மக்கீன் முதலாளி. கல்லை விற்ற கையோடு அன்னாசிப்பழத்துடன் பாடசாலைக்கு வந்து காரைக் கேட்டார். அண்ணாவின் கார், தர முடியாது என்றேன். பிறகு தையல் மெஷினோடு வந்தார். பிறகு ஒரு மாட்டோடு வந்தார், அதை வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டதால் அன்று பாடம் நடக்கவில்லை. கடைசியாக இந்த வருடம் பள்ளி விடுமுறையில் ஜப்பான் பிக்கப் ஒன்றில் வந்து இறங்கினார். லொறி அளவு பெரிசும் இல்லை, வேன் அளவு சின்னனும் இல்லை. பின்னால் பெட்டி, முன்னால் மூன்று பேர் இருக்கலாம். குழிக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஏற்ற வாங்கியதாம், அதிகம் ஓடவில்லை.

"டீச்சர், இத வெச்சிக்கோங்க. ஒங்கட காரத் தாங்க" என்றார்.

"முதலாளி, அது ஓடாத கார்."

"ஓடுற கார் எனக்கு எதுக்கு? அது நிக்கோணும். எண்ட குழிகிட்ட நிக்கோணும்."

"எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது."

"அதுக்குத் தெரியும் டீச்சர். படிச்ச ஒங்களுக்குத்தான் வெளங்குதில்ல."

அந்தக் கல் மண்ணுக்குள் கிடக்கத் தொடங்கிய காலத்தில் கார் மட்டுமல்ல, கார் செய்தவனின் பாட்டனும் பிறந்திருக்கவில்லை என்று நான் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். "செரி. அப்ப கையெழுத்துப் போடுவமா?" என்றார். அவர் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டேன், இதற்கு மேல் என் மனச்சாட்சிக்கு வேலையில்லை என்று போட்டேன்.

நான் போட்ட காரணம் ஒன்றுதான். அந்த நாலு பேரும் இந்த மாதம் கணிதத்துக்கு மறுபடி தோற்றுகிறார்கள். இதுதான் கடைசித் தவணை. அதில் செல்லமணி என்ற பிள்ளையின் தகப்பன் மூக்கையா, "இந்த ஒரு வாட்டிதாங்க. இல்லாட்டி தையிலேருந்து கொழுந்துக்குப் பேர் பதிஞ்சிருவேன்" என்று சொல்லிவிட்டார். தேறினால் ஆசிரியராக வரக்கூடிய பிள்ளை. ஒரு கார் நின்ற காரணத்துக்காக அவள் கூடை தூக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் காரிலும் பார்க்க எனக்கு அது பெரிசாய்ப் பட்டது. மன்னியுங்கோ.

பிக்கப்பைப் பற்றி: மேட்டில் நிற்பதில்லை. மழையில் நிற்பதில்லை. சேலையோடு ஏறுவது மட்டும் கொஞ்சம் அவமானம், அதற்குக் குசினியில் இருந்த பலகைக்கட்டை ஒன்றைக் கொண்டு திரிகிறேன். ஒரு நாள் கட்டையை மறந்து போய் றக்வான கடைத்தெருவில் இறங்க முடியாமல் இருந்த இடத்தில் இருந்தே சாமான் வாங்கினேன், டீச்சரம்மாவுக்குப் பெருமை வந்துவிட்டது என்று கதை. தோட்டத்தில் எல்லாருக்கும் திடீரென்று ஏற்ற வேண்டிய சாமான் இருக்கிறது. போன கிழமை கலியாண வீட்டுக்கு வாழைமரம் ஏற்றினேன். மாப்பிள்ளையும் அதோடு வந்தார்.

இதற்கிடையில் மக்கீன் முதலாளி மறுபடியும் வந்தார், அழாத குறை.

"டீச்சர், ஒங்கட கார் நிக்கிறல்லயே!"

விசாரித்தால், வாங்கிய அன்றே கராஜ்காரர் சாலியிடம் கொடுத்து எல்லாம் கழற்றித் துடைத்துத் திருப்பிப் பூட்டியிருக்கிறார். இப்போது சாவியைத் தொட்ட உடனே ஸ்டார்ட். குழியடியில் மெல்லப் போய்ப் பார்க்கிறாராம், பின்னுக்கு எடுத்து மறுபடி போய்ப் பார்க்கிறாராம், ஓடிக்கொண்டே இருக்கிறதாம்.

"பெற்றோலை வடித்துவிடுங்கள், நிற்கும்" என்றேன்.

"அது நாங்க நிப்பாட்டுறது டீச்சர். அது தானா நிக்கோணும்."

தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே அண்ணா, உணர்ச்சிவசப்படாமல், நன்றாக யோசித்து, இரு பகுதிக்கும் தெரியச் செய்த காரியம் இது. தருமலிங்கத்தின் மகனை அனுப்ப வேண்டாம். கார் திரும்பி வராது. திங்கட்கிழமை கணிதப் பாடம், பிக்கப்பில் போகிறோம். அண்ணி நல்லூருக்குப் போனால் நாலு பிள்ளைகளின் பெயரிலும் ஒரு அர்ச்சனை செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முழங்காலுக்கு ஒத்தணம் பிடியுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைவோடு,

உங்கள் தங்கை,
மகாதேவி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. ஞாயிறு பின்னேரம் மூக்கையாவும் மற்றப் பெற்றோரும் வாசலில் வந்து நின்றார்கள்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளைங்க பிக்கப்ல போக வேணாங்க. பழைய காருல போகட்டுங்க. அது ராசியான காருங்க."

"மூக்கையா, அந்தக் கார் நின்றதால்தானே உங்கள் மகள் போன வருடம் கணக்கு எழுதவில்லை?"

"ஆமாங்க. போன வருசம் மொதலாளிக்குக் குடுத்துருச்சு. இந்த வருசம் நம்மளுக்குக் குடுக்கணும்ல?"

அந்தக் கார் இல்லாவிட்டால் பிள்ளையை அனுப்ப மனம் வரவில்லை என்றும் சொன்னார். செல்லமணி அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெல்மதுளைக்குப் போய் மக்கீன் முதலாளியிடம் காரை இரவல் கேட்டேன்.

திங்கள் காலை, சாலி ஓட்ட, பிள்ளைகள் நாலு பேரும் உங்கள் காரில் முன்னால் போனார்கள். அது நின்றால் கட்டி இழுப்பதற்காக நான் கயிற்றோடு பிக்கப்பில் பின்னால் போனேன். குழியடியில் மக்கீன் முதலாளி வீதிக்கே வந்து நின்றார். கார் அவரைத் தாண்டிப் போனது. நிற்பாட்டாத பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்போது, அதே இடத்தில், பிக்கப்பின் ரயர் வெடித்தது.

பிள்ளைகள் வாசல் திறக்க முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணிதம் எழுதினார்கள். "கடைசிக் கணக்கு மட்டும் விட்டுட்டேன் டீச்சர், மத்ததெல்லாம் செஞ்சிட்டேன்" என்றாள் செல்லமணி. கணிதத்தின் இரண்டாம் வினாப்பத்திரம் வியாழக்கிழமை.

குழியில் இந்த முறை ஒருவரும் "எப்பா" என்று கத்தவில்லை. கதிரை கொண்டுவந்து குழிக்குக் கிட்டப் போட்டு, சக்கரைத் துண்டோடு பிளேன்டீ தந்தார்கள்.

"டீச்சர், நான் பிழ செஞ்சிட்டன்" என்றார் மக்கீன் முதலாளி. "ராசி கார் இல்ல. நீங்கதான்."

காரையும் என்னிடமே திருப்பித் தருகிறார், பிக்கப்பும் எனக்கே. பதிலுக்கு, வியாழக்கிழமை பிள்ளைகள் எழுதி முடியுமட்டும் அந்தக் கதிரையில் நான் இருக்க வேண்டும், முடிந்தால் குழிக்காரரை ஒரு தடவை ஏசவும் வேண்டும். அன்று அரித்ததில் கூழாங்கல்லைத் தவிர ஒன்றும் வரவில்லை, அவருக்கு அது பொருட்டில்லை. பரீட்சை நிலையத்து வாசலில் வெயிலில் நிற்பதிலும் பார்க்கக் கதிரை நல்லது என்பதால் சம்மதித்தேன். ராசி பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை.

ஆகவே மேலே, கார் திரும்பி வராது என்று எழுதிய இடத்தை வெட்டிவிட்டு வாசியுங்கள். அது இப்போது என் வாசலில் நிற்கிறது. வியாழனுக்கு ஆயத்தமாக இன்று காலை ஏறி இருந்து சாவியைப் போட்டேன். ஸ்டார்ட் வரவில்லை. சாலி வந்து போட்டார். உடனே வந்தது.