மச்சம் படாத சட்டி

சிவமயம்

அச்சுவேலி,
வியாழக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி அருந்ததிக்கு,

அண்ணன் சீவரத்தினம் எழுதுவது. அம்மன் அருளால் நானும் உன் அண்ணியும் மாடும் கன்றும் சுகம். வெங்காயம் மட்டும் சுகமில்லை, நுனி கருகுகிறது. நீயும் மச்சானும் வெள்ளவத்தை வெக்கையைத் தாங்கிக்கொண்டு நலமாக இருக்க அந்த அம்மனையே மன்றாடுகிறேன். உன் மகள் கீர்த்திகா மிக நன்றாக இருக்கிறாள். இந்த வசனத்தை இரண்டு தரம் வாசி. ஏனென்றால் இதற்குக் கீழே வருவதை வாசிக்க உனக்கு நெஞ்சு படபடக்கும். எனக்கு நேற்றிலிருந்து அது நிற்கவேயில்லை.

போனில் சொல்லலாம்தானே என்று கேட்பாய். சொன்னால் முதல் வசனத்திலேயே நீ குழறி அழத் தொடங்குவாய், மிச்சத்தை யார் கேட்பது? கடிதத்துக்குள் நீ குறுக்கே பாயமுடியாது. பக்கத்து வீட்டுக் கஜானி இன்று பின்னேரம் கொழும்பு பஸ் ஏறுகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளை பிறந்த கையோடு வலிப்பு வந்து ஆசுபத்திரியில் கிடந்தபோது நீ எங்கள் ஊர் அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடனை நான் மறக்கவில்லை. ஆறு வயது முடியுமட்டும் பிள்ளை மச்சம் தொடமாட்டாள், மீனோ இறைச்சியோ முட்டையோ எதுவும் இல்லை. முடிந்ததும் பங்குனித் திங்களில் அம்மன் வாசலில், தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்தித் தோடு போடுவது. அந்தத் திங்கள் இதோ வருகிற திங்கள். பிள்ளைக்கு இருப்பதும் ஒரே தாய்மாமன், அது நான். அவளுடைய வகுப்பில் தோடு இல்லாத பெண் அவள் ஒருத்திதானாம். காலையில் எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று காதைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். பள்ளிக்கூட லீவுக்கு அவளை என்னிடம் விட்டுப் போகும்போது நீ படலையில் நின்று சொன்னதும் நினைவிருக்கிறது. "அண்ணை, பிள்ளையின்ரை வாயிலை ஒரு துளி மச்சம் பட்டாலும் நான் உங்களோடை சாகுமட்டும் கதைக்கமாட்டன்" என்றாய். நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. உன் அண்ணி பிள்ளைக்கென்று அகப்பைகூடப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறாள். ஆகவே வீட்டில் ஒரு பயமும் இல்லை. பயம் முழுவதும் வெளியில்தான் இருந்தது.

கடற்கரைப் பக்கம் புதிதாக ஒரு களியாட்டப் பூங்கா திறந்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு நான் விளம்பரம் செய்வதா? இராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கலும் டைனோசர் தலையும் பிள்ளை ஏற்கனவே உன் போனில் பார்த்து வைத்திருக்கிறாள். மூன்று நாளாக என் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். சரியென்று நேற்றுப் புறப்பட்டோம். உன் அண்ணி புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வாழையிலையில் கட்டித் தந்தாள். வாசலில் ஒரு காவலாளி என் பையைத் திறந்து, பார்சலை எடுத்து, மணந்து பார்த்து, "வெளிச் சாப்பாடு உள்ளுக்குக் கொண்டுபோக ஏலாது ஐயா" என்று மேசைக்கு அடியில் வைத்துவிட்டான். அருந்ததி, நான் எத்தனை சோதனைச் சாவடி கண்டவன்! அந்தச் சண்டைக் காலத்தில் பையைக் கொட்டினார்கள், பற்பசையைப் பிதுக்கிப் பார்த்தார்கள், சைக்கிள் காற்றைத் திறந்துவிட்டார்கள். ஆனால் ஒருவனும் என் புட்டைப் பறித்ததில்லை.

"உள்ளுக்கு மூண்டு சாப்பாட்டுக் கடை இருக்கு ஐயா, மரக்கறி வேணுமான அளவு" என்றான் அவன். நம்பினேன். பிள்ளை மூன்று தரம் சறுக்கி, இரண்டு தரம் இராட்டினம் ஏறி, டைனோசரின் வாய்க்குள் தலையை விட்டுப் படம் எடுத்து, "மாமா பசிக்குது" என்றபோது மத்தியானம் ஆகிவிட்டது. முதல் கடை கப்பல் மாதிரிக் கட்டியது. றமேஸ் என்று சட்டையில் பெயர் குத்திய பெடியன் ஒருவன் வந்தான். சுத்த மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்று மூன்று விதமாக விளங்கப்படுத்தினேன். "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று போய் மரக்கறி பிறைட்றைஸ் கொண்டுவந்தான். பிள்ளை கரண்டியால் ஒரு மஞ்சள் துண்டைத் தூக்கி, "மாமா, இது என்ன கரட்?" என்று கேட்டாள். கரட் இல்லை அருந்ததி. முட்டை! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் சோடாவைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். பிள்ளையைப் பிடித்து, "வாயைத் திற, ஆவெண்டு சொல்லு" என்று நாக்குக்கு மேலும் கீழும் பார்த்தேன். நல்ல காலம், ஒன்றும் உள்ளே போகவில்லை.

"ஏன்ராப்பா, முட்டை மரக்கறியே?" என்றேன்.

"முட்டையிலை உயிர் இல்லைத்தானே ஐயா. எங்கடை மனேச்சர் அதை மரக்கறிப் பக்கத்திலைதான் போட்டிருக்கிறார்" என்றான்.

முட்டையை மரக்கறியாக்கிய மனேச்சரை நான் பார்க்கவேண்டும் என்றேன். அவர் கொழும்பில் இருக்கிறாராம். இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். தட்டு நிறையச் சோறு அப்படியே இருந்தது. அன்னத்தை எறிகிற குடும்பமா நாங்கள்? எறிந்தால் அந்தப் பாவம் பிள்ளையின் தலையில் அல்லவா விடியும். ஆகவே நான் உட்கார்ந்து அதை முடித்தேன்.

இரண்டாவது கடையில் ஜெனிற்றா என்ற பிள்ளை நின்றாள், நல்ல பிள்ளை. மரக்கறி பர்கர் என்றாள். உள்ளே உருளைக்கிழங்கும் போஞ்சியும்தான் என்றாள். நான் இந்த முறை ஏமாறவில்லை. "எந்த எண்ணெயிலை பொரிச்சது பிள்ளை?" என்று கேட்டேன். அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கீர்த்திகாவைப் பார்த்தாள். "பொய் சொல்லக்கூடாது ஐயா, கோழி பொரிச்ச எண்ணெய்தான்" என்றாள். அவளுடைய உண்மைக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் பர்கர் இரண்டும் மேசைக்கு வந்துவிட்டன. இரண்டையும் நானே சாப்பிட்டேன். பிள்ளை எனக்கு முன்னால் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னாலும் கடைசித் துண்டுவரை முடித்தேன்.

மூன்றாவது கடைக்குக் கிடுகு வேய்ந்து, வாசலில் வாழை நட்டு, 'யாழ்ப்பாணச் சமையல்' என்று எழுதியிருந்தார்கள். அப்பாடா, எங்கள் பெயரைச் சொல்லி விற்கிற இடம், இங்கே பயமில்லை என்று போய் இருந்தோம். இடியப்பம், சம்பல், சொதி வந்தது. சம்பலைக் கிளறினேன், மாசிக் கருவாட்டுத் துண்டு மினுங்குகிறது! கூப்பிட்டுக் கேட்டால் பரிமாறுகிற பெடியன் சொல்லுகிறான், "மாசி எண்டது மீன் இல்லை ஐயா, அது சரக்கு. மிளகாய், உப்பு, மாசி, அப்பிடி." அடேய், கடலில் நீந்தியது காய்ந்தால் சரக்காகிவிடுமா! சொதியைக் கரண்டியால் அள்ளினேன், அடியிலிருந்து ஒரு மீன் தலை எழும்பி என்னைப் பார்த்தது. எங்களுடைய யாழ்ப்பாணத்தில், எங்களுடைய பெயர்ப் பலகைக்குக் கீழே! பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். "மாமா, எனக்குச் சாப்பாடு வேண்டாம், தோடுதான் வேணும்" என்று விம்மினாள். சொதியும் சம்பலும் நன்றாகத்தான் இருந்தன. நான் சாப்பிட்டேன், ஆனால் கண்ணீரோடு சாப்பிட்டேன்.

வெளியே போய் எங்கள் புட்டையே சாப்பிடுவோம் என்றால், வெளியே போனவரை மறுபடி உள்ளே விடமாட்டார்களாம். பிள்ளையோ இன்னும் பெரிய இராட்டினம் ஏறவில்லை. நான் நேரே அந்தக் கடைக் குசினிக்குள் நுழைந்தேன். தலைமைச் சமையல்காரி அற்புதராணி, குருநகர் மனுசி. இடுப்பில் கை வைத்து என் முறைப்பாடு முழுவதையும் கேட்டுவிட்டு, "அட, இதை முதல்லையே சொல்லியிருக்கலாமே அண்ணை. இது எங்கடை வேதக்காரருக்குத் தபசு காலம். உயிர்த்த ஞாயிறு வருமட்டும் நாங்கள் வேலைக்காரர் சாப்பிடுற சட்டியிலை இறைச்சி வாசமே வராது. பிள்ளைக்கு அதிலை போடுறன்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே கும்பிடவேண்டும் போலிருந்தது. மூடியைத் திறந்து காட்டினாள். சுறாப் புட்டு!

"இது மீனெல்லோ!" என்று கத்தினேன்.

"ஓம், மீன்தான். இறைச்சி இல்லைத்தானே?" என்றாள் அவள், அவளுக்கும் அதிர்ச்சி. "தபசிலை மீன் தின்னாட்டி நாங்கள் எதைத் தின்னுறது?"

அவர்களுடைய விரதத்துக்குள் மீன் வரும், எங்களுடையதற்குள் வராது. இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் போய்வந்த சனம், இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே! நேர்த்திக் கதையைச் சொன்னேன். பிள்ளையின் வெறுங் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் ஏப்ரனை இறுக்கிக் கட்டினாள். "சோறும் பருப்பும் நான் காய்ச்சித் தாறன் அண்ணை. ஆனால் பொய் சொல்லமாட்டன், இந்தக் குசினியிலை மீன் படாத சட்டி ஒண்டும் இல்லை. தேத்தண்ணிக் கேத்திலிலைகூடப் போன கிழமை ஒருத்தன் இறால் அவிச்சவன்."

அப்போதுதான் எனக்கு வெளியே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. புல்வெளியில் முட்டி உடைக்கும் போட்டி. கயிற்றில் ஏழெட்டுப் புது மண் முட்டி தொங்குகிறது. அருந்ததி, அந்தப் பூங்கா முழுவதிலும் மச்சம் படாத சட்டி அவைதான்! ஓடினேன். கொலின்ஸ் என்ற அறிவிப்பாளனிடம், "தம்பி, எனக்கொரு முட்டி வேணும்" என்றேன். "கண்ணைக் கட்டி உடைக்கவேணும் ஐயா" என்றான். "உடைக்காமல் வேணும்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அதற்குள் கண் கட்டிய ஒருவர் தடியை ஓங்கிக்கொண்டு வருகிறார். நான் கதிரை ஒன்றில் ஏறி முட்டியைக் கட்டிப்பிடித்தேன். தடி என் முதுகில் விழுந்தது. சனம் கை தட்டியது. "இந்த ஐயாதான் இண்டைய வெற்றியாளர்!" என்று கொலின்ஸ் ஒலிபெருக்கியில் கத்தினான். முதுகு இன்னும் நோகிறது, உன் அண்ணி நல்லெண்ணெய் பூசிவிட்டாள்.

முட்டிக்குள் இருந்த மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அற்புதராணி அதிலேயே அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினாள். கரண்டியில் மீன் பட்டிருக்கும் என்று பச்சைத் தென்னை மட்டை சீவிக் கிண்டினாள். தட்டிலும் மீன் பட்டிருக்கும் என்று கடை வாசலில் அவர்கள் அழகுக்கு நட்டிருந்த வாழையில் நான் ஓர் இலை வெட்டினேன். காவலாளி ஓடி வந்தான், அற்புதராணி ஒரு பார்வை பார்த்தாள், திரும்பிப் போய்விட்டான். பிள்ளை குசினிப் படியில் இருந்து ஊதி ஊதி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுடைய வாய் அசைவதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அற்புதராணி என் முதுகைப் பார்த்து இரங்கி, "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கோ அண்ணை" என்று சுறாப் புட்டை நீட்டினாள். அந்த மனுசியின் மனத்தை எப்படி நோகப் பண்ணுவது? ஆயிரம் சொன்னாலும் குருநகர் கையின் சுறாப் புட்டுக்கு ஈடில்லை.

ஆகவே தங்கச்சி, உன் நேர்த்தி ஒரு பருக்கை குறையாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. யார் காப்பாற்றினார் என்று நான் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை விடியவே தோட்டோடு வந்து இறங்கு. என் மடி ஆயத்தம். மச்சானுக்கு இதை உரத்து வாசித்துக் காட்டு, அண்ணனைப் பற்றி அவர் ஒரு காலத்தில் சொன்னவற்றை மீளப் பெறட்டும். உங்கள் இருவருக்கும் அம்மன் காவல். உன் அண்ணியின் அன்பும், மாட்டின் தலையாட்டலும்.

உன் அண்ணன்,
சீவரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டினேன். ஒட்டியதைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். கோயில் ஐயர் திங்கட்கிழமைச் சாமான் சொல்ல வீட்டுக்கு வந்தார். அவருக்கும் நேற்றைய கதையைச் சொன்னேன், பெருமையாகத்தான். என் முதுகில் அடி விழுந்தது வரைக்கும் வயிறு குலுங்கச் சிரித்தார். சுறாப் புட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "சீவரத்தினம், காது குத்த மடியிலை வைக்கிற மாமனும் மச்சம் தவிர்க்கவேணும் எண்டு உமக்குத் தெரியாதோ? பிள்ளைக்கு ஆறு வருஷம், உமக்கு ஒரு கிழமை. அதுகூட ஏலாமல் போச்சோ?" என்றார். என் தலையில் இடி விழுந்தது. முட்டை, கோழி எண்ணெய், மாசி, மீன் தலை, சுறா. அந்தப் பூங்காவில் பிள்ளை தொடாமல் விட்ட எல்லாம் இப்போது இந்த மடிக்கு மேலே, என் வயிற்றுக்குள் இருக்கிறது.

கீர்த்திகா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப எனக்குத் தோடு இல்லையோ மாமா?" என்று மட்டும் கேட்டாள். அருந்ததி, எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு சொல்ல ஒன்றும் இல்லை. பங்குனியில் இன்னும் ஒரு திங்கள் மிச்சம் இருக்கிறதாம், அன்றைக்கு வைக்கலாம் என்று ஐயர் இரங்கினார். ஆகவே மேலே 'வந்து இறங்கு' என்று எழுதியதை வெட்டிவிட்டு அடுத்த திங்களுக்கு வா. மச்சானுக்கு வாசித்துக் காட்டச் சொன்னதையும் வெட்டிவிடு.

இனி உன் நேர்த்திக்குப் பயமில்லை, காவல் மாறிவிட்டது. இன்று மத்தியானம் உன் அண்ணி சம்பல் வைத்தாள். நான் கை நீட்டமுதல் கீர்த்திகா என் தட்டை இழுத்து மணந்து பார்த்து, "மாமி, இதுக்குள்ளை மாசி இருக்கோ?" என்று கேட்டாள். இல்லை என்றபிறகுதான் திருப்பித் தந்தாள். நான் சாப்பிட்டு முடிக்குமட்டும் முன்னால் குந்தியிருந்தாள். பிறகு எழும்பி வந்து என் தாடையைப் பிடித்தாள்.

"மாமா, ஆவெண்டு சொல்லுங்கோ."