சர்க்கரை டப்பாச் சீட்டு

எலிசேயோ மறுபடியும் விசிலடிக்கத் தொடங்கியபோது, ஒரு கொய்யா மரத்தை வெட்ட அனுமதிக்கலாமா கூடாதா என்று ரூபியேலா யோசித்துக்கொண்டிருந்தாள். வந்த எரிச்சலில் 'கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். மரம் பிழைத்தது.

மனிசாலெஸ் நகராட்சியின் மரப் பிரிவில் நான்கே மேசைகள். இருபத்திரண்டு வருஷமாக அவள் அங்கே வேலை பார்க்கிறாள். முன்னெல்லாம் சத்தம் என்றால் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம்தான். மே மாதம் பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் என்னவோ பிடித்துவிட்டது. மார்ச்சில் கணவன் அல்தெமாரை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதருகே விசிலடிக்க ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வருகிறது?

"தோன் எலிசேயோ, இது ஆபீஸா, கிளிக்கூண்டா?"

"மன்னிச்சுக்குங்க, தோன்யா ரூபியேலா. என்னையறியாம வந்துருது."

"அறுபது வயசாச்சு. இனிமேலாவது அறிஞ்சுக்குங்க."

திட்டு வாங்கியவர் முகம் வாடியிருக்க வேண்டும். அவரோ பரிசு வாங்கியவர்போலத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அது அவளை இன்னும் சூடேற்றியது. அன்று மதியம் அதே கோபத்தில் சோறு, பீன்ஸ், பொரித்த வாழைப்பழம் எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டு டப்பாவை 'டமார்' என்று மூடினாள்.

விசில் நின்றது. அடுத்த திங்கள்கிழமை பக்கத்து மேசை வில்மார் நிலக்கடலை கொறிக்க ஆரம்பித்தான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, ஒவ்வொரு கடலையாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஊர் கேட்க மென்றான். சத்தம் வராத தீனியாக இருக்கட்டும் என்று ரூபியேலா அவனுக்கு மெத்தென்ற பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கி வந்து கொடுத்தாள். அவன் மனமார நன்றி சொல்லிவிட்டு, ரொட்டியைப் பிளந்து உள்ளே கடலையை வைத்துத் தின்றான்.

அதற்கடுத்த வாரம் நாலாவது மேசை நீதியாவின் முறை. அவள் தன் அக்காவோடு பேசும் போனை, இரண்டு பக்கமும் எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்துவிட்டாள். அக்காவின் மூலநோய் வரை மரப் பிரிவுக்குத் தெரிந்துபோயிற்று. 'தயவுசெய்து அமைதி காக்கவும்' என்று ரூபியேலா பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். நீதியா அதை அப்படியே அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். அது எதற்காக என்று அக்கா கேட்க, அதற்கு விளக்கம் முக்கால் மணி நேரம் ஓடியது.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். மேலதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டது காதில் விழவில்லை. அன்றிலிருந்து மூன்று பேரும் அவளிடம் எதைச் சொன்னாலும் மூன்று தடவை, கத்திக் கத்திச் சொன்னார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. திங்கள்தோறும் காலையில், காப்பி கொண்டுவரும் ஹில்மாவின் சர்க்கரை டப்பாவைச் சுற்றி, ஹில்மாவோடு சேர்த்து நாலு பேரும் தலைகளைச் சேர்த்துக்கொண்டு சீட்டுக் குலுக்கினார்கள். ரூபியேலா உள்ளே நுழைந்ததும் கலைந்துவிடுவார்கள். சீட்டுக் குலுக்கி ரகசிய நண்பரைத் தேர்ந்தெடுத்து மிட்டாய் வைக்கும் விளையாட்டு செப்டம்பரில்தான்; இது ஜூலை. எதுவாகத்தான் இருக்கட்டும், அவளைக் கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவளை ஒதுக்கிவிட்டார்கள் என்பது விசிலைவிட, கடலையைவிட வலித்தது.

அன்று மாலையே கீழ்த்தளத்து ஆவண அறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஜன்னல் இல்லாத அறை, ஒரே ஒரு நாற்காலி. யாருமே போட்டிக்கு வராததால் வெள்ளிக்கிழமைக்குள் உத்தரவு வந்துவிட்டது.

வீட்டில் அல்தெமாரின் ரேடியோ அலமாரிமேல் அப்படியே இருந்தது. அவள் அதைப் போடுவதில்லை. சாயங்காலம் சுடுகிற அரெப்பா என்ற சோள ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டு நாய்க்கு வைப்பாள். நாய் நன்றாகக் கொழுத்துவிட்டது. அவளுடைய பாவாடைதான் இடுப்பில் நிற்காமல் ஊக்கு இரண்டாகியிருந்தது. வார நாட்களில் ஆபீசில் சாப்பிடும் மதியச் சோறு மட்டும் இல்லாவிட்டால் மூன்றாவது ஊக்கும் தேவைப்பட்டிருக்கும்.

திங்கள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பியபோதும் சர்க்கரை டப்பா குலுங்கிக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை. எலிசேயோ மட்டும் பெட்டியைப் படிவரை தூக்கி வந்து கொடுத்தார். விசில்கூட இல்லை.

கீழே முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். அடுத்த மணி நேரத்தில் குழல்விளக்கின் ரீங்காரம் கேட்டது. அதற்கப்புறம் அதுவும் காதில் விழவில்லை. அல்தெமார் காலணியைக் கழற்றும்போது 'அப்பாடா' என்பான். அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. இங்கே அதை மறக்கடிக்க யாரும் கடலை உடைக்கவில்லை. அழுதாள். நன்றாகவே அழுதாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, பசியில்லை என்று மூடிவைத்தாள். நாய்க்கு ஆகும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹில்மா மூச்சு வாங்க மூன்று மாடி இறங்கி, கறுப்புக் காப்பியோடு வந்து நின்றாள். ரூபியேலா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். குடித்தது அப்படியே ஆவணத்தின்மேல் பாய்ந்தது.

"ஹில்மா, இதுல உப்பு போட்டிருக்கியா?"

"ரெண்டு ஸ்பூன்."

"உனக்கென்ன பைத்தியமா? பதினஞ்சு வருஷமா காப்பி போடுற, சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியல? மேல மூணு பேர் என் உயிரை வாங்கினது போதாதுன்னு இறங்கி வந்திருக்கியா? இந்தத் தடவை சும்மா விடமாட்டேன், மேலதிகாரிகிட்டயே எழுதிக் கொடுக்கப்போறேன்."

ரூபியேலாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஹில்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தி, கரண்டியைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க கோவப்படுற அன்னிக்குத்தான் சாப்பிடுறீங்க, தோன்யா. அதைப் பார்த்துட்டுத்தான் நாங்க நாலு பேரும் சீட்டுப் போட்டு வாரத்துக்கு ஒருத்தர்னு திட்டு வாங்குறோம். இந்த வாரம் என் பேர் வந்திருக்கு. பன்னெண்டு மணியாகப்போகுது, இன்னும் கொஞ்சம் திட்டுங்க."