மறுக்கா சாரும் முப்பத்திரண்டாம் வில்லையும்

கோயம்புத்தூரில் சாமியை நம்பாதவர்கள் பதினேழு பேரை நான் பார்த்திருக்கிறேன். தெர்மாமீட்டரை நம்பாதவர் ஒருவரைத்தான் பார்த்தேன். அவருக்கு எங்கள் கல்லூரியில் வைத்த பெயர் மறுக்கா சார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் மறுக்கா என்றால் இன்னொரு தடவை என்று பொருள். மணி பதினொன்று என்று அவரிடம் சொன்னால், "மறுக்கா பாருங்" என்பார். மறுபடி பார்த்துவிட்டுப் பதினொன்று என்றால், "அப்படின்னா கடிகாரம் நின்னுபோச்சுங். இன்னேரம் பதினொன்னு ஒன்னு ஆயிருக்கோணும்" என்பார். ரயில்வே ஸ்டேஷன் எடை மிஷினில் மூன்று முறை ஏறி, மூன்று சீட்டு வாங்கி, கூட்டி மூன்றால் வகுப்பார். சீட்டின் பின்னால் அச்சடித்திருந்த ஜோசியம் மூன்றும் வேறு வேறாக இருந்ததால் அதை மட்டும் ஏற்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பாடி முடித்ததும் "மறுக்கா" என்றாராம். மாப்பிள்ளை ரசிகர் என்று பெண் வீட்டார் பூரித்துப் போனார்கள். அவர் சுருதியைச் சரிபார்த்திருக்கிறார்.

நான் அந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஸ்டோர் கீப்பர். இருபத்தொன்பது வருடம். பீரோ பதினான்கு, சாவி நாற்பத்தொன்று, லென்ஸ் முந்நூற்றுப் பன்னிரண்டு, அதில் கீறல் விழுந்தது எட்டு. எண்ணாமல் எந்தப் பொருளையும் கொடுத்ததில்லை, எண்ணாமல் திரும்ப வாங்கியதும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் அப்படிப்பட்ட மனிதர் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? அவர் என் தராசைச் சந்தேகப்பட்டார். நான் அவரையே சந்தேகப்பட்டேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. சார் செய்துகொண்டிருந்தது மீக்கடத்தி ஆராய்ச்சி. அதை எனக்கு அவர் விளக்கியது காந்திபுரம் டவுன் பஸ்ஸை வைத்துத்தான்.

"கூட்டமான பஸ்ல கண்டக்டர் இடிச்சுத் தள்ளிட்டுத்தானுங்ணா போகோணும்? கம்பிக்குள்ள கரண்டும் அப்படித்தான் போகுது. இடிபட்டு இடிபட்டுச் சூடாகுது. ஆனா சில பொருள நல்லா குளிர வெச்சா, உள்ள இருக்கற எலெக்ட்ரான் எல்லாம் ஜோடி ஜோடியாச் சேந்துக்கும். அப்பறம் இடியே கிடையாது. தடை பூஜ்யம்."

"ஜோடியாப் போனா மட்டும் எப்படிங்க இடிக்காம போகும்? நானும் என்ற சம்சாரமும் ஜோடியாத்தானுங்க போறோம்" என்றேன்.

"அதுதானுங் எனக்கும் சந்தேகம்" என்றார்.

உலகமெங்கும் பல பெரிய ஆய்வுக்கூடங்களில் அப்போது இதே வேலைதான் நடந்தது. இட்ரியம், பேரியம், தாமிரம் மூன்றின் பொடிகளையும் கலந்து அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் வேகவைத்து, ஆக்சிஜன் விட்டு ஆறவைக்க வேண்டும். சரியாக வெந்தால் வில்லை கறுப்பு. தப்பினால் பச்சை. எங்களுக்கு முதல் ஒன்பதும் பச்சை. வில்லை அழுத்தும் அச்சைக் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்காரர் லேத்தில் கடைந்து கொடுத்தார். ஊரில் கடைசல் என்றாலே பம்பு செட்டுக்குத்தான் என்பதால், "இது எத்தன எச்.பி. மோட்டாருக்குங்க?" என்று அவர் மூன்று முறை கேட்டார். மோட்டாரே இல்லை என்று சொன்னதை நான்காம் முறையும் நம்பவில்லை.

குளிர வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது கிடைத்த ஒரே இடம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. காளையின் விந்தைக் கெடாமல் உறைய வைத்து, பசுக்களுக்குச் சினை ஊசி போட அதை வைத்திருந்தார்கள். நானும் சாரும் பத்து லிட்டர் கேனோடு போய் நின்றோம்.

கம்பவுண்டர் பதிவேட்டைத் திறந்தார். "எத்தன மாடுங்க?"

"மாடு இல்லீங். ஒரு வில்லை" என்றார் சார்.

"வில்லைக்குச் சினை ஊசியா?"

"ஊசி வேண்டாமுங். குளிரு மட்டும் போதும்."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேனின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. கண்டக்டர் விசிலைக் கடித்தபடி வந்தார். "ஏனுங்க, அடுப்போடயே ஏறிப்போட்டீங்களா?"

"சூடில்லீங். குளிரு. மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி."

"வால்பாறையிலயே அவ்வளவு இல்லீங்களே. மூடிய இறுக்கி மூடுங்க."

"இறுக்கி மூடுனா வெடிச்சுருமுங்."

எங்களைச் சுற்றி ஆறு சீட் காலியானது. பொள்ளாச்சி பஸ்ஸில் அவ்வளவு சௌகரியமாக நான் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

என் சந்தேகம் அந்தக் கேனில்தான் ஆரம்பித்தது. மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் பனி படிந்த அளவு தெரியும். வந்த அன்று பதினெட்டு விரற்கடை. மறுநாள் காலை பதினேழு. அதற்கு மறுநாள் பதினாறே கால். யாரும் தொடவில்லை, நான்தான் பூட்டியிருந்தேன். யாரோ ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த யாரோ ஒருவர் யார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

"சார், தெனம் ஒரு விரற்கடை கொறையுது. எங்க போகுது?"

"காத்துல போகுதுங்ணா."

"பதிவேட்டுல பெற்றுக்கொண்டவர்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுல யாரு கையெழுத்துப் போடறது?"

சார் பதிவேட்டை வாங்கி, தன் பென்சிலால் 'காற்றுக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆடிட்டர் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார். அது என்ன டிக் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

பென்சில் என்றேன். அதுதான் சாரின் வியாதி. எந்த அளவையும் பேனாவால் எழுத மாட்டார். பென்சிலில் எழுதுவார், மறுக்கா அளப்பார், அழிப்பார், எழுதுவார். நோட்டுப் புத்தகங்கள் இருபத்திரண்டு. டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. பேனாவில் எழுதிய ஒரு வரி கிடையாது. பல்கலைக்கழகம் கடைசிக் கெடு கொடுத்துவிட்டது. அந்த மாத முடிவுக்குள் ஆய்வேடு வராவிட்டால் பதிவு ரத்து. அது ரத்தானால் ஆராய்ச்சி அறை புதிதாக வந்த கம்ப்யூட்டர் துறைக்குப் போகும். அவர்கள் வாரம் இரண்டு முறை வந்து ஜன்னலை அளந்துவிட்டுப் போனார்கள், ஏ.சி. மாட்டுவதற்கு.

அந்த நேரத்தில்தான் முப்பத்திரண்டாம் வில்லை பிறந்தது. நல்ல கறுப்பு. அதன்மேல் வெள்ளிப் பசையால் வரிசையாக நான்கு பொட்டு வைத்து, பொட்டுக்கு ஒன்றாகத் தலைமுடி கனத்தில் நான்கு கம்பி ஒட்ட வேண்டும். ஓரத்துக் கம்பி இரண்டில் கரண்ட் போகும். நடுக் கம்பி இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். சார் நாளுக்கு ஒன்பது டம்ளர் காபி குடிப்பவர், கை நடுங்கும். எனக்கு நடுங்காது. அதனால் கம்பி ஒட்டுவது மட்டும் என் வேலை. அந்த அறையில் அவர் பிறர் கையில் கொடுத்த ஒரே வேலை.

ஒட்டினேன், குப்பியில் வைத்து மூடினேன். மறுநாள் நைட்ரஜன் ஊற்றுமுன், சாதாரண அறை வெப்பத்தில் என்ன காட்டுகிறது என்று பார்க்கக் கரண்டை விட்டார் சார்.

மீட்டர் பூஜ்யம் காட்டியது.

குளிர வைக்காமலே பூஜ்யம். அப்படி ஒரு பொருளைத்தான் உலகமே தேடிக்கொண்டிருந்தது. சார் மீட்டரைத் தட்டினார். மீட்டரை மாற்றினார். பூஜ்யம். பாட்டரியை மாற்றினார், எர்த் கம்பிக்குப் புதிதாகக் குழி தோண்ட வைத்தார், மின்வாரிய ஆபீசுக்குப் போய் அன்றைக்கு ஏதாவது விசேஷமா என்று விசாரித்தார். ஆறு நாள், நூற்று நாற்பத்து நான்கு அளவு. நூற்று நாற்பத்து நான்கும் பூஜ்யம். "யாரோ என்னைய ஏமாத்தறாங்ணா" என்றார். நானும் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

செய்தி கல்லூரிச் செயலாளர் காதுக்குப் போனது. நிர்வாகச் செயலாளர் ஒரு மில் அதிபர். நேரில் வந்தார்.

"சார், பூஜ்யம் வந்துருச்சுங்களாமே."

"இன்னும் உறுதியாச் சொல்ல முடியாதுங்."

"பூஜ்யம்னா பூஜ்யம்தானுங்களே. அதுல அரைப் பூஜ்யம் கால் பூஜ்யம் இருக்குதுங்களா? திங்கக்கெழமை பத்தரைக்குப் பத்திரிகைக்காரங்கள வரச் சொல்லிப்போட்டேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரூமும் உங்களுக்குத்தான், பட்டமும் உங்களுக்குத்தான்."

"மறுக்கா ஒருக்கா பாத்துட்டு..."

"பதினொரு வருசமாப் பாத்தது பத்தாதுங்களா?"

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. ஹாலில் அறுபது நாற்காலி போட்டாகிவிட்டது. போட்டோவுக்காக வில்லையைச் சிவப்பு வெல்வெட் துணியில் வைக்கச் சொல்லியிருந்தார் செயலாளர். குப்பியைத் திறந்தேன். பழக்கதோஷம், எண்ணினேன். பொட்டு நான்கு. கம்பி நான்கு. சரி.

ஸ்டோரில் ஒரு சூட்சுமம் உண்டு. மொத்தம் சரியாக இருக்கும், அலமாரி தப்பாக இருக்கும். அதனால் எதையும் தட்டுத் தட்டாக எண்ண வேண்டும். பூதக்கண்ணாடியை வைத்து அப்படி எண்ணினேன். முதல் பொட்டில் ஒரு கம்பி. இரண்டாம் பொட்டில் இரண்டு. மூன்றாவதில் ஒன்றுமில்லை. நான்காவதில் ஒன்று.

நடுக் கம்பி இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தன. ஒரே இடத்துக்கும் அதே இடத்துக்கும் நடுவே அளந்தால் பூஜ்யம் வராமல் என்ன வரும்?

பசை காயப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். அன்று ஐந்து பத்து பஸ்ஸைப் பிடிக்க, ஒன்பதாவது நிமிடத்தில் மூடியவன் நான். மூடி இடித்து ஈரக் கம்பி நகர்ந்திருக்கிறது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் அறை அவருடையது. ஆறு மாதம் கழித்து வேறெங்கோ யாராவது செய்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பும் அவருடையது.

சார் நான்காவது டம்ளரில் இருந்தார்.

"சார், ரெண்டாவது பொட்டுல ரெண்டு கம்பி இருக்குதுங்க. மூணாவதுல இல்லீங்க. நான் சீக்கிரமா மூடிப்போட்டேன்."

அவர் மறுக்கா பாருங் என்று சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆறு நாளா ஊரையே சந்தேகப்பட்டீங்களே சார், இந்த மூடியத் தொறந்து ஒருக்கா பாத்திருக்கக் கூடாதுங்களா?" எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

"அது நீங்க ஒட்டுனதுங்களேண்ணா" என்றார். "அதை எதுக்குங் பாக்கறது?"

பத்தரைக்கு ஹாலுக்குப் போனார். பூஜ்யம் இல்லை, கம்பி நகர்ந்துவிட்டது, தப்பு தன்னுடையது என்று மூன்று வாக்கியம் பேசினார். மூன்றாவது பொய். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். பத்திரிகைக்காரர்கள் போண்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். செயலாளர் வெல்வெட் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாளே பிளைவுட் தட்டி வந்து அறை இரண்டானது. ஜன்னல் இருந்த பாதி கம்ப்யூட்டருக்கு.

அதற்கு முன், அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே சார் என்னைக் கூப்பிட்டார். "வில்லைக்குக் கம்பி ஒட்டோணுமுங்."

"என்ற கையி வேண்டாமுங்க சார்."

"என்ற கையி ஆடுதுங்களே" என்று நீட்டிக் காட்டினார். ஆடியது.

ஒட்டினேன். பதினைந்து நிமிடம் காத்து, இன்னும் பத்து நிமிடம் காத்தேன். தட்டுத் தட்டாக எண்ணினேன். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. "நீங்க மறுக்கா பாத்துருங்க சார்" என்று பூதக்கண்ணாடியை நீட்டினேன்.

"நீங்கதான் எண்ணியாச்சுங்களே" என்று சொல்லி, அவர் கேனைத் தூக்கினார்.

வெள்ளைப் புகை மேஜை முழுக்கப் பரவியது. அறை வெப்பத்தில் சாதாரணமாக ஓர் எண்ணைக் காட்டிய மீட்டர் மெல்ல இறங்கி, மைனஸ் நூற்று எண்பதுக்குக் கிட்டே போனதும் மளமளவென்று சரிந்து பூஜ்யத்தில் நின்றது. உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த பூஜ்யம்தான். எங்களுக்கு அதுதான் முதல் பூஜ்யம். சார் பென்சிலை எடுத்தார், வைத்துவிட்டார். என் பையில் குத்தியிருந்த பேனாவை உருவி நோட்டில் எழுதினார். அந்த வாரம் முழுக்க இருபத்திரண்டு நோட்டையும் அந்தப் பேனாவால்தான் படியெடுத்தார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தார். பட்டமும் வந்தது.

பேனா மட்டும் வரவில்லை. துறைக்குச் சொந்தமான பேனா, என் பதிவேட்டில் வரிசை எண் இருநூற்று ஏழு. ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தேன். அந்த ஒரு வரியில் மட்டும், பெற்றுக்கொண்டவர் கட்டத்தில், 'காற்றுக்காக' என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்.