ஆரம்பத்துக்கே ஓடிய டேப்

டேப்புகளை மாற்றி மாற்றிப் போடும் ஆட்டோலோடர் பெட்டிக்குள் இயந்திரக் கை மறுபடியும் தவறான டேப்பை எடுத்து, அதைப் படிக்கிற டிரைவின் வாயில் திணித்தது. சிஸ்டம்காரர் அதை வெளியே தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆரம்பிக்காமல் என்ன செய்வது? கம்பெனிக் கணக்கு மொத்தமும் இருந்த ஹார்ட் டிஸ்க் நேற்று மண்டையைப் போட்டுவிட்டது. பக்கத்து அறையில் தணிக்கைக்காரர்கள் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நகல் எடுத்து வைத்த பேக்கப் டேப்பிலிருந்து கணக்கு வராவிட்டால் வேலை போகும். போனால் மச்சினன் கடையில் பொட்டலம் கட்ட வேண்டியதுதான். அந்த மச்சினன் இப்போதே அவரை "வாங்க கம்ப்யூட்டர்" என்றுதான் வரவேற்கிறான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"இல்ல சார். இந்தப் பெட்டி டேப்புகளைப் பூஜ்யத்துலேர்ந்து எண்ணுது. நான் ஒண்ணுலேர்ந்து எண்ணிட்டேன்."

"பரவால்ல, அவசரமே இல்ல. டீ அனுப்பறேன்."

இத்தனை வருடத்தில் வெந்நீர்கூட வாங்கித் தராத மனிதர். வெட்டப்போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிறார் என்று சிஸ்டம்காரர் முடிவு கட்டினார். அந்தப் பதற்றத்தில், எண்ணில் ஒன்றைக் குறைப்பதற்குப் பதில் கூட்டித் தொலைத்தார். இயந்திரக் கை போய், டிரைவைச் சுத்தம் செய்கிற டேப்பைக் கவ்வி, பாதி வழியில் சிக்கிக்கொண்டது. நெம்பினார். கதவு கையோடு வந்தது.

"மெஷின்னா உடையத்தான் செய்யும். நின்னுக்கிட்டே இருக்கீங்களே" என்று மேனேஜர் தன் சுழல் நாற்காலியையே தள்ளிக்கொண்டு வந்தார்.

கடைசியில் சிஸ்டம்காரர் சரியான டேப்பைத் தன் கையாலேயே மாட்டினார். அதில் பதிந்திருந்தவற்றில் கணக்கு மூன்றாவதாக இருந்தது. முன்னால் இருந்த இரண்டையும் தாண்டச் சொன்னால் டேப் தாண்டியது; தாண்டிய கையோடு ஆரம்பத்துக்கே ஓடி வந்தது, கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பும் புருஷனைப் போல. எத்தனை முறை முயன்றாலும், முதலில் இருந்த ஆபீஸ் பிறந்தநாள் படங்களே இறங்கின.

"கேக்கு வெட்டறதா? நல்லா இருக்கே" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் யூனிக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர். ஒரு பெயரில் கூப்பிட்டால், வேலை முடிந்ததும் டேப்பைச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுபோய்விடும். இன்னொன்றில் கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த இரண்டாவது பெயரில் கூப்பிட்டார். கணக்கு மளமளவென்று இறங்கியது.

"வந்துடுச்சு சார், ஒண்ணு விடாம" என்று பக்கத்து அறைக்கும் கேட்கும்படி சொன்னார்.

சிஸ்டம்காரர் பாதி குடித்திருந்த டீயை மேனேஜர் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாசலில் சாய்ந்து நின்ற மேனேஜருடைய காரோட்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? டேப்பு உங்க பொறுப்புல இருக்கற வரைக்கும் எதுவும் திரும்பி வராதுன்னு, உங்களை நம்பித்தானே சார் ஐயா அந்த டிஸ்க்கையே காலி பண்ணினாரு."