ஓல்டான் அண்ணனும் பதினான்கு வளைவுகளும்

எண்ணூர் விரைவுச் சாலையில் ஓல்டான் அண்ணனைப் போலப் பயந்த மனிதர் இதுவரை பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும், எதிரே வரும் டிரெய்லரைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிருப்பார்.

வஞ்சிர மீன் துண்டில் முள் இருக்கிறதா என்று மூன்று முறை தடவிப் பார்த்துத்தான் வாயில் வைப்பார். டீக்கடையில் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்பார். சுவர் பழையதாக இருந்தால் அதையும் நம்பமாட்டார்; டீயைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைச் சுவருக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்குக் கன்டெய்னர் யார்டில் ஒரு வேலை இருந்தது. நாற்பதடி டிரெய்லர் ரிவர்ஸில் வரும்போது டிரைவருக்குக் குரல் கொடுப்பது. “வர்ட்டும்... வர்ட்டும்... லெஃப்ட் ஒடி... ஓல்டான்!” மற்றவர்கள் ‘ஓல்டான்’ என்று நிறுத்தச் சொன்னால் வண்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் இருக்கும். இவர் சொன்னால் இரண்டு ஆள் படுத்துத் தூங்கலாம். டிரைவர்கள் திட்டுவார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இவரை மட்டும்தான். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. பெயர் கேட்க எனக்குக் கூச்சம்.

யார்டுக்கு எதிரே பாய் வைத்திருக்கும் டயர் கடையில் நான் பஞ்சர் போடுகிறேன். வேலை முடிந்ததும் அண்ணன் அங்கே வந்து, அடுக்கிய டயர்களுக்கு நடுவில் பத்திரமாக உட்கார்ந்து, செல்போனில் மலை வீடியோ பார்ப்பார். சைக்கிளில் மலை ஏறுகிறவர்கள் எடுத்துப் போடும் வீடியோ. கல்லட்டி, கொல்லிமலை, வால்பாறை, எல்லாச் சாலையும் அவருக்கு மனப்பாடம். ஒரு மலையையும் நேரில் பார்த்ததில்லை.

“இன்னாபா ஓல்டான், இன்னிக்கி எந்த மலைலேர்ந்து வுயுந்த?” என்பார் பாய்.

“சிரிக்காத பாய். கொல்லிமலைல எயுபது வளைவு கீது. அறுபத்தி மூணாவதுல செவுரே இல்ல. சைக்கிள் போனா போனதுதான். எலும்பு பொறுக்கக்கூட ஆளு எறங்க முடியாது.”

“அப்பறம் இன்னாத்துக்குய்யா அதையே பாத்துகினு கீற?”

அண்ணன் சாலையைக் கை காட்டினார். அங்கே டிரெய்லர்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. நடுவில் மீன் கூடையோடு ஒரு சைக்கிள்காரர் நெளிந்து நெளிந்து போனார்.

“அங்க டிரெய்லர் வராது பாய். ஒரு தபா, ஒரே ஒரு தபா, முதுகுக்குப் பின்னால ஆரன் இல்லாம சைக்கிள் ஓட்டணும். ஏலகிரி போதும். பதினாலே வளைவு. பயந்தவனுக்குன்னே செஞ்ச மலை. யாரு வர்றீங்க?”

பாய்க்கு உடனே முட்டி வலித்தது. டீ கொண்டு வந்தவர் கிளாஸை வாங்காமலே போய்விட்டார். மீதி இருந்தது நான். ‘வேணாம்’ என்று சொல்ல எனக்குக் கூச்சம். என் வாழ்க்கையில் பாதிக் காரியங்கள் அப்படி நடந்தவைதான், கல்யாணம் உட்பட.

மலை ஏறப் பழகுவதற்கு எங்கள் பக்கத்தில் மேடு ஏது? ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம்தான். ஒரு வாரம் காலையில் அதில் ஏறி இறங்கினோம். உச்சிக்குப் போனதும் அண்ணன் இறங்கி, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “வியூ பாயிண்டு” என்பார். துறைமுகக் கிரேன்களும், தொழிற்சாலைப் புகையும், அதற்கப்பால் கொஞ்சம் கடலும் தெரியும். “சோக்கா கீதுல்ல? சரி வா, பாலம் ஆடுது.”

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் அவர் ஒரு காரியம் செய்தார். எங்கள் ஊரில் கடல் காற்று இரும்பைத் தின்னும். அதனால் தூர இடம் போகும் சைக்கிளைப் பழைய இன்ஜின் ஆயிலால் துடைப்பது வழக்கம். அண்ணன் பயத்தில் ஒரு கம்பி பாக்கி விடவில்லை. ரிம்மையும் பளபளவென்று துடைத்தார். ரிம்மில் ஆயில் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும் என்று பஞ்சர் போடுகிறவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வாய் வரவில்லை. காலையில் நாமே துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன். சமதரையில் காலை ஊன்றித்தானே எல்லோரும் சைக்கிளை நிறுத்துகிறோம்!

மறுநாள் ராத்திரி ஓசூருக்குக் காலியாகப் போன டிரெய்லரில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு போய், விடியும்போது மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். அண்ணன் யார்டின் மஞ்சள் ஹெல்மெட்டையும் ஆரஞ்சு ஜாக்கெட்டையும் போட்டிருந்தார். இதனால் ஏறும்போது பெரிய தொல்லை. காரில் வந்தவர்கள் அவரைச் சாலைத்துறை ஆள் என்று நினைத்து நிறுத்தி நிறுத்தி வழி கேட்டார்கள்.

“சார், வியூ பாயிண்ட் எங்க?”

“மேல கீது. போவாதீங்க.”

இரண்டு குடும்பங்கள் நிஜமாகவே காரைத் திருப்பிக்கொண்டு போயின.

பாதி ஓட்டினோம், பாதி தள்ளினோம். குரங்கு வந்தால் அண்ணன் என் பின்னால் ஒளிவார். மேலே ஒரு காட்சி மேடை இருந்தது. அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

“நைனா, நீ பாத்து சொல்லு. கீய இன்னா கீது?”

“வயலு... தென்னமரம்... நம்ம ஏறி வந்த ரோடு. கயிறு போட்ட மாதிரி சுத்திச் சுத்திக் கீது.”

“அழகா கீதா, பயமா கீதா?”

“ரெண்டும்ணே.”

“அப்ப சரியாத்தான் வந்துருக்கோம்” என்றார், கண்ணைத் திறக்காமலே.

இறங்கும்போது அவர் ஒரு ஏற்பாடு செய்தார். தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து முன்னால் போவார். வளைவில் நின்று கீழே எட்டிப் பார்த்து, வண்டி வரவில்லை என்றால் எனக்குக் குரல் கொடுப்பார். டிரெய்லருக்குக் கொடுப்பது போலவே.

கீழே முதல் வளைவிலிருந்து “வர்ட்டும்... வர்ட்டும்...” என்று கேட்டது. நான் சைக்கிளில் ஏறிக் காலை எடுத்தேன்.

பத்தடி போனதும் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது பிடித்தபடி இருந்தது. சைக்கிள் போனது போனபடி இருந்தது. கட்டை ரிம்மின் மேல் வெண்ணெயில் போவதுபோல வழுக்கியது. காலை ஊன்றினேன். ஒரு செருப்பு பின்னால் பறந்தது. அடுத்த காலை ஊன்றினேன். குதிகால் தோல் உரிந்தது. காதில் காற்று ஊளையிட்டது. எதிரே இடுப்பளவுச் சுவர். அதற்கப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம்.

அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கீழேயிருந்து ஒரு பஸ் வளைவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதன் முன்பக்கத்தைப் பார்த்துக் கையைக் காட்டி, “ஓல்டான்! ஓல்டான்!” என்று கத்தினார். மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்த பஸ்ஸும் நின்றது. நான் வருவது அவருக்குத் தெரியவில்லை.

கத்த வேண்டும். பஸ் நிறைய ஆட்கள். ஜன்னலுக்கு ஜன்னல் தலை. முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூடச் சொல்லாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்கிறவன் நான். சாகப்போகிற நேரத்திலும் கூச்சம் விடவில்லை. வீட்டில் மனைவி சோறு வடிக்கும் நேரம் என்று ஏனோ நினைப்பு வந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. அது என்னுடையது.

“அண்ணே! பிரேக்கு இல்லண்ணே!”

அண்ணன் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். உதடு வெளுத்து, கண் பிதுங்கி, உலகத்தில் இருக்கிற பயம் எல்லாம் ஒரே முகத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. இனி ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடத்தான் செய்தார். சுவரை நோக்கி. பள்ளத்தாக்குக்கு முதுகைக் கொடுத்து, எனக்கும் ஆகாயத்துக்கும் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

“வர்ட்டும்! எம்மேல வர்ட்டும் நைனா! எம்மேலயே வா!”

போனேன். அவர் மார்பில் என் தலை மோதியது. அவர் முதுகு சுவரில் மோதியது. சைக்கிள் பக்கத்தில் விழுந்து, சுவரில் இடித்து, முன் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் ஹெல்மெட் மட்டும் சுவரைத் தாண்டிப் போனது. அது கீழே விழும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

பஸ் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். “யோவ், சாகறதுக்குன்னே கெளம்பி வர்றீங்களா?” என்று ஆரம்பித்தவர், அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என் சைக்கிள் ரிம்மை விரலால் தொட்டார். விரல் கறுத்தது.

“எவன்யா ரிம்முல ஆயில் தடவுனது? அறிவு வேணாம்?”

அண்ணன் தலை குனிந்தது. வாய் திறக்கப் பார்த்தார்.

“நான்தான் சார்” என்றேன். பஸ் முழுவதும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

பால் கேன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு மினி லாரியில் எங்களை ஏற்றி அனுப்பினார்கள். பின்னால் சைக்கிள்களுக்கு நடுவில் உட்கார்ந்தோம். மீதி வளைவுகளை அண்ணன் பார்க்கவில்லை, குரலும் கொடுக்கவில்லை. என் சட்டைக் காலரை மட்டும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அடிவாரம் வந்தது, ஹைவே வந்தது, கையை எடுக்கவில்லை. காலர் கழுத்தை நன்றாகவே இறுக்கியது. ‘விடுங்கண்ணே’ என்று நான் சொல்லவில்லை. இந்த முறை கூச்சத்தால் அல்ல.