மாமனாருக்கு வாங்கிய இங்கிலீஷ் புகையிலை

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது சுலபம். பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். அந்தப் பொறுமை மட்டும் இருந்திருந்தால் என் நிச்சயதார்த்தம் தண்ணீரில் நனைந்திருக்காது.

மல்லசமுத்திரத்துக்காரனான நான் அப்போது போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவில் இருந்தேன். பெண் சூரமங்கலம். அவளுடைய அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பைப் பிடிப்பவர். (எங்கள் சொந்தத்தில் பீடி உண்டு, பைப் அவர் ஒருவர்தான்.) போனில் அவர் கேட்டதே ஒன்றுதான்.

"வரும்போது பைப்புக்கு இங்கிலீஷ் புகையிலை ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை."

உடனே செல்போனில் ஆராய்ச்சியில் இறங்கினேன். அவர் காலத்தில் இங்கிலீஷ் வகை என்றால் வாசனை எதுவும் சேர்க்காத வெறும் இலை. இப்போது அந்தப் பெயரை, புகைமூட்டம் போட்டுக் கறுக்க வைத்த இலை கலந்ததற்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய சரக்கு வேறு பெயரில் வேறு அலமாரிக்குப் போய்விட்டது. விமான நிலையக் கடையில் இரண்டுமே இருந்தன. அவர் கேட்டது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் புதியதையே வாங்கினேன். பெரியவர் கொஞ்சம் அப்டேட் ஆகட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

நிச்சயத்தன்று எங்கள் பக்கத்து வழக்கப்படி உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டு மாற்ற எல்லோரும் உட்கார்ந்தோம். வெற்றிலைக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த டப்பாவைப் பார்த்த மாமனாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பந்தல் ஓரமாகப் போய்ப் பைப்பைப் பற்றவைத்தார். இரண்டே இழுப்பில் லாரி டயர் எரிகிற நாற்றம்.

"என்னங்க மாப்பிள்ளை இது?"

"இதுதானுங்க மாமா இங்கிலீஷ். நீங்க இத்தனை வருசமாச் சொன்னதுதான் தப்புங்க" என்று ஆரம்பித்து, வகைவகையாக விளக்கினேன். சபையே வாயைப் பிளந்து பார்த்தது. (என் அறிவைக் கண்டுதான் என்று நினைத்தேன்.) அதற்குள் சமையல்காரர், "பந்தல்ல தீயிங்க" என்று குடத்தோடு ஓடிவந்து, புகை வந்த இடத்தில் தண்ணீரைக் கொட்டினார். புகை வந்த இடம் மாமனார்.

என் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். தட்டு இன்னும் மாறவில்லை. பெண் கிடைப்பாளா என்பதே சந்தேகமாகிவிட்டது. சொட்டச் சொட்ட நின்ற மாமனார், அணைந்த பைப்பைத் தட்டிவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"பாடம் முடிஞ்சுதுங்களா சாமி? தட்டை மாத்தலாமுங்களா?"

மாற்றிக்கொண்டோம். இன்றும் எங்கள் வீட்டில் தோசை கருகினால் என் மனைவி அதைத் தூக்கிப் போடுவதில்லை. நேராக என் தட்டில் வைத்துவிட்டுச் சொல்வாள்:

"இப்பெல்லாம் இதுக்குப் பேருதானுங்க தோசை. நீங்க இத்தனை வருசமாத் தின்னதுதான் தப்புங்க."